பதினாலாவது ஸ்க்ரூ

பிள்ளைகளே, ஒரு பொருளைக் காட்டி இதைத் திறக்கக்கூடாது என்று யாராவது உங்களிடம் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். ஆபத்து என்றால் என்ன ஆபத்து என்று கேளுங்கள். அதற்குப் பதில் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொள்ளுங்கள். பதில் சொல்லாமல் கூடாதென்றால் கூடாது என்று மட்டும் சொன்னால், விட்டுவிடாதீர்கள். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. நான் எட்டாவதோடு நின்றவன். என் மகளின் போனுக்கு பேட்டரி மாற்றப் போய்த் தெரிந்துகொண்டேன்.

நான் திருப்பூரில் தையல் மெஷின் மெக்கானிக். பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், பிளாட்லாக் என்று ஓடுகிற மெஷின்கள் நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவார்கள். வீடு நல்லூரில். பின்சுவரை ஒட்டி, பனியன் துணி பின்னுகிற நிட்டிங் யூனிட் ஒன்று. அது ஓடும்போது எங்கள் சுவரும் சேர்ந்து அதிரும். என் மனைவிக்கு அது தலைவலி. எனக்குப் பழகிவிட்டது. என் மகளுக்கு அது சத்தமே இல்லை, முதுகைச் சாய்த்தால் தெரிகிற ஒரு நடுக்கம், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து அவளுக்குக் காது கேட்காது.

அவள் சைகையில் பேசுவாள். காது கேட்காத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தாள். அங்கே அவளுக்கு ஒரு சிநேகிதி. ஊர் குன்னத்தூர். அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுத முடியாது, ஏனென்றால் என் மகள் அவளுக்கு வைத்திருக்கிற பெயர், மோவாயை ஒரு விரலால் இரண்டு தரம் தட்டுவது. அதற்கு எழுத்து கிடையாது.

பள்ளிக்கூடம் முடிந்ததும் இருவரும் அவரவர் வீட்டில். சாயங்காலம் ஆறு மணி ஆனால் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு டச் போன்தான். நானும் மனைவியும் பட்டன் போன் வைத்திருக்கிறோம். எங்களுக்கு ஹலோ சொன்னால் போதும். அவளுக்குப் போதாது.

போன் வாங்கி ஆறு வருசம். போன வருசக் கடைசியில் பேட்டரி தளர்ந்துவிட்டது. அம்பது சதம் என்று காட்டும், பத்து நிமிசத்தில் அணைந்துபோகும். சார்ஜில் போட்டுக்கொண்டே பேசலாம் என்றால் சார்ஜர் பின்னும் ஆடியது. ஒரு பக்கமாகச் சாய்த்து விரலால் அழுத்திப் பிடித்தால்தான் கரண்டு ஏறும். அதனால் என் மகள் சுவிட்ச் போர்டுக்குக் கீழே நின்றுகொண்டு, இடது கையால் போனையும் பின்னையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, வலது கையால் மட்டும் பேச ஆரம்பித்தாள்.

காது கேட்கிறவர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றும். உதட்டில் பாதியை விரலால் மூடிக்கொண்டு பேசிப் பாருங்கள், அப்போது தெரியும். சைகையில் பாதிக்கு மேல் இரண்டு கை சேர்ந்தால்தான் அர்த்தம். ஒரு கையில் வருவது சாப்பிட்டாயா, சரி, நாளைக்கு, அவ்வளவுதான். நாற்பது நிமிசம் பேசியவர்கள் ஐந்து நிமிசத்தில் முடித்துக்கொண்டார்கள். ஒரு நாள் அந்தப் பெண் அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ நீளமாகச் சொல்லி அழுதாள். என் மகள் பதில் சொல்ல இடது கையை எடுத்தாள். போன் அணைந்துவிட்டது.

மறுநாளே பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு போன் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் இருந்த இளைஞர் மரியாதையான ஆள். வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இன்னும் இதையவே வெச்சிருக்கறீங்களா?"

பேட்டரி மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்றேன்.

"இதுக்கெல்லாம் பேட்டரி மாத்தறதில்லீங்கண்ணா. பின்னாடி மூடி பசை வெச்சு ஒட்டுனது. தொறந்தா டிஸ்ப்ளே போயிரும். பின்னு ஆடறதப் பாத்தா போர்டும் கம்ப்ளெயிண்டுங்க. பேசாம புதுசு எடுத்துக்கங்க."

"தொறக்காமயே போர்டு கம்ப்ளெயிண்டுன்னு எப்படிங்க தம்பி தெரியும்?"

"அனுபவமுங்க."

மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். அந்த வார்த்தையை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம். இருபது வருசமாக மெஷினைத் திறந்து பார்த்துத்தான் கம்ப்ளெயிண்ட் சொல்லியிருக்கிறேன். மூடின மெஷினைப் பார்த்து ஆயுசு முடிந்தது என்று நான் சொன்னால் கம்பெனியில் என்னை நிற்க வைத்துக் கேட்பார்கள். ஊசி தேய்ந்தால் ஊசியை மாற்றுகிறோம். பெல்ட் அறுந்தால் பெல்ட். மெஷினைத் தூக்கித் தெருவில் போடுவதில்லை. போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, நானே மாத்திக்கறனுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிரித்தார். கேலியாக இல்லை, பாவம் என்பது போல. அதுதான் இன்னும் உறைத்தது.

வீட்டில் மனைவி ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள். "ஏனுங்க, அது உங்க ஓவர்லாக் மெசின் இல்லீங்க. புள்ளைக்குப் பேச்சுன்னு இருக்கறது அது ஒண்ணுதான். நெனச்சுக்கங்க."

நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் நினைத்தேன். பிறகு மகளை வைத்து ஆன்லைனில் பேட்டரிக்கு ஆர்டர் போட்டேன். சின்னப் பெட்டியில் வந்தது. கூடவே ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர், கிட்டார் வாசிக்கிறவர்கள் வைத்திருப்பது போன்ற முக்கோணப் பிளாஸ்டிக் தகடு ஒன்று, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்.

எப்படிச் செய்வது என்று காட்டுகிற வீடியோ அதே போனில் கிடைத்தது. பேசுகிறவர் என்ன பாஷையில் பேசினாரோ, எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் மகளுக்கு அந்தக் கவலையே இல்லை. அவள் பார்த்தது அவருடைய கையை. எங்கே அழுத்துகிறார், எதை முதலில் கழற்றுகிறார், எந்த இடத்தில் தயங்குகிறார் என்று நான்கைந்து தரம் பார்த்துவிட்டு, துணி அளவுக்குப் பேட்டர்ன் வெட்டி மிஞ்சிய பிரவுன் தாளில் ஏழு படம் வரைந்தாள். மூன்றாவது படத்தில் பதினாலு சின்ன வட்டம், பதினாலு ஸ்க்ரூ. நாலாவதில் பேட்டரியின் கனெக்டர், அதைச் சுற்றி மூன்று கோடு. ஸ்க்ரூ கழன்றதும் முதலில் இதைப் பிடுங்காமல் வேறு எதையும் தொடக்கூடாது என்று எனக்குச் சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சுவிட்ச் போர்டுக்குக் கீழே நின்று சிநேகிதியிடம், நாளைக்குப் போன் இருக்காது என்றாள். அந்தப் பெண் எத்தனை நாள் என்று கேட்டிருக்க வேண்டும். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேசி முடித்ததும் என் முன்னால் வந்து இரண்டு கையாலும் கேட்டாள். உடைந்துவிட்டால்?

பதில் இல்லாமல் கூடாது என்று சொல்கிறவர்களைப் பற்றி மேலே எழுதினேன். காரணம் தெரியாமல், ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவனும் அதே வகைதான். தெரியாது என்று கையை விரித்தேன். அவள் போனை என் கையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்ணரையில் நான் வழக்கமாக வேலை பார்க்கிற பனியன் யூனிட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு லீவுதான். ஆனால் அவசரமாகப் போக வேண்டிய சரக்கில் பழுது இருக்கிறதா என்று பார்க்கச் செக்கிங் பெண்கள் மூன்று நான்கு பேர் வந்திருந்தார்கள். செக்கிங் மேசை வெள்ளையாக இருக்கும், மேலே டியூப்லைட் பளீரென்று எரியும். இந்த வேலைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஓரத்து மேசையை எங்களுக்குக் கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேட்டரியைக் குத்தினாலோ மடக்கினாலோ அது தீப்பிடிக்கும். உப்பியிருந்தால் தொடவே கூடாது. ஏன் என்ற கேள்விக்கு இது உண்மையான பதில், இதற்கு நான் கட்டுப்பட்டேன். சார்ஜை முந்தின நாளே இறக்கிவிட்டேன். தீயணைக்க மாட்டி வைத்திருக்கிற மணல் வாளியில் ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டேன். நீங்கள் செய்வதாக இருந்தால் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அயர்ன் பாக்ஸை நீராவி விடாமல் வைத்து ஒரு பனியன் துணியை மடித்துச் சூடாக்கி, கை பொறுக்கிற சூட்டில் போனின் முதுகில் வைத்தேன். பசை இளகியது. பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் நுழைத்துச் சுற்றி வந்தேன். மூடி கையோடு வந்துவிட்டது. டிஸ்ப்ளே எங்கேயும் போகவில்லை. கடைக்காரர் சொன்னதில் ஒன்று அங்கேயே விழுந்தது.

பதினாலு ஸ்க்ரூவும் கழற்றி ஊசி டப்பாவின் மூடியில் போட்டேன். கனெக்டரைப் பிடுங்கினேன். அப்புறம்தான் பார்த்தேன், சார்ஜர் பின் நுழைகிற ஓட்டை முழுக்கப் பஞ்சு. வெள்ளை, நீலம், சிவப்பு என்று நிறம் நிறமாக அடைந்து கெட்டித்துப்போய் இருந்தது. ஆறு வருசம் இவள் பையில் கிடந்த போன், இந்த ஊர்க் காற்றில் பறக்கிற பனியன் பஞ்சை எல்லாம் தின்று வைத்திருந்தது. பின் ஆடியதற்குக் காரணம் இதுதான். போர்டாம், கம்ப்ளெயிண்டாம். எனக்குச் சிரிப்பாக வந்தது, நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அந்த நிமிர்ச்சியில்தான் தப்புச் செய்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு மெஷினைத் திறந்து பஞ்சைக் கண்டால் யோசிக்க மாட்டோம். மேலே தொங்குகிற, காற்றடிக்கிற ஏர் ஹோஸை இழுத்து ஒரு அடி அடிப்போம். ஒரு நாளைக்கு ஐம்பது தரம் செய்கிற காரியம். என் கை தானாக மேலே போனது, தானாக அழுத்தியது. புஸ் என்ற அந்த ஒரு சத்தத்தில் பஞ்சு அசையவே இல்லை. ஊசி டப்பா மூடி கவிழ்ந்து, எறும்புத் தலை அளவு ஸ்க்ரூ பதினாலும் பறந்துவிட்டன. மேசைக்கு அந்தப் பக்கம் துணி வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

என் மகளைப் பார்த்தேன். அவள் கை இரண்டும் மேசைமேல் அப்படியே இருந்தது. குனிந்து தேடப் போனேன்.

"நின்ன எடத்துலயே நில்லுங்கண்ணே. காலத் தூக்காதீக."

சொன்னவர் செக்கிங் பெண்களில் மூத்தவர். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து பல வருசமாக இங்கே இருக்கிறவர். அதட்டினால் சூப்பர்வைசரே நிற்பார்.

"மெசினு மெசினா காத்தடிக்கிற கை, மக போனயும் பறக்க விட்ருச்சாக்கும். மொத்தம் எத்தன?"

"பதினாலுங்க அம்மிணி."

அவர் உள்ளே போய் ஊசி தேடுகிற கருவியை எடுத்து வந்தார். அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். தைக்கும்போது ஊசி உடைந்தால், எங்கள் கம்பெனிகளில் உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைத்தாக வேண்டும். கிடைத்ததை ஒரு தாளில் வரிசையாக வைத்து, முழு ஊசி ஆகிறதா என்று சேர்த்துப் பார்த்து, செலோ டேப் போட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி தருவார்கள். மொனை மட்டும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டுத் துணி முழுவதும் ஓரங்கட்டப்படும். அதற்காக ஒரு கையடக்கக் கருவி வைத்திருக்கிறோம். இரும்பு பக்கத்தில் வந்தால் கீச்சென்று கத்தும், சிவப்பு விளக்கு எரியும்.

அவர் அதை என் மகள் கையில் கொடுத்தார். வேஸ்ட்டை ஒரு கை ஒரு கையாக அள்ளி மேசையில் பரப்பினார். என் மகள் அதன்மேல் கருவியை நகர்த்தினாள். சிவப்பு எரிந்த இடத்தில் ஊசி பொறுக்குகிற காந்தத்தை வைத்தால் ஒரு ஸ்க்ரூ. எடுத்துத் தாளில் டேப் போட்டு ஒட்டுவோம். மற்ற பெண்களும் வந்துவிட்டார்கள். டீ ஆறிப்போனது. வெயில் கூரை ஷீட்டின் மேல் ஏறியது. ஒன்று, நாலு, ஒன்பது என்று ஏறி, பதின்மூன்றில் நின்றுவிட்டது. அத்தனை வேஸ்ட்டையும் இரண்டாவது தரம் பார்த்தோம். பதினாலாவது இல்லை.

எனக்கு அலுத்துவிட்டது. "ஒண்ணு தானுங்க அம்மிணி. பதிமூணு போதும், புடிச்சுக்கும். மூடிரலாமுங்க" என்றேன்.

அவர் கருவியை மேசையில் வைத்தார். "ஊசி மொன ஒண்ணு கெடைக்கலன்னா நீங்க பண்டல விட்ருவீகளாண்ணே? எந்தச் சீமையிலயோ எந்தப் பிள்ளைக்கோ குத்திரும்னு அம்புட்டுத் துணியவும் பிரிச்சோமே, நீங்களும்தான நின்னீக. இது ஒங்க பிள்ளை கையில இருக்கப் போறது."

கடைக்காரரை எதிர்த்துப் பேசிய நான் இவருக்குக் கட்டுப்பட்டேன். ஏனென்றால் இவரிடம் காரணம் இருந்தது. எண்ணிக்கை சரியாக வராத ஒரு பொருளை மூடக்கூடாது. அது எங்கே கிடக்கிறது என்று தெரியாதவரை, உள்ளே கிடக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதை நான் மகளுக்குச் சைகையில் சொன்னேன். உள்ளே என்று நான் காட்டியதும் அவள் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் வந்து என் தோளைத் தொட்டாள். போனின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னச் சதுரத்தின் ஓரத்தில், ஒடுங்கிப் படுத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது பதினாலாவது ஸ்க்ரூ. அது ஸ்பீக்கர். ஸ்பீக்கரில் காந்தம் உண்டு. காற்றில் பறந்ததை அது பிடித்து வைத்துக்கொண்டது. அப்படியே பேட்டரியை மாட்டி மூடியிருந்தால் ஒரு நாள் அது நழுவிப் போர்டில் விழுந்து எல்லாம் எரிந்திருக்கும்.

இது என்ன பாகம் என்று மகள் கேட்டாள். சத்தம் வருகிற இடம் என்றேன். ஆறு வருசத்தில் அவள் அதை ஒரு தரமும் பயன்படுத்தியதில்லை. புருவத்தைத் தூக்கிவிட்டு, ஓவர்லாக்கில் நூல் கோக்கிற சாமணத்தால் ஸ்க்ரூவை எடுத்துத் தாளில் மற்றவற்றோடு ஒட்டினாள்.

மிச்ச வேலை சுலபம் என்று சொல்ல மாட்டேன். பழைய பேட்டரி அடியில் பசை. அதை நெம்பவில்லை. தையல் நூலை நாலாக முறுக்கி அடியில் கொடுத்து இரண்டு பக்கமும் மாறி மாறி மெதுவாக இழுத்து அறுத்தேன். ஓட்டையில் இருந்த பஞ்சை, சட்டையில் விலைச் சீட்டு மாட்டுகிற பிளாஸ்டிக் டேக் பின்னை வைத்துக் கிளறி எடுத்தேன். ஸ்க்ரூக்கள் மூன்று நீளத்தில் இருந்தன. எது எந்த ஓட்டைக்கு என்று குழம்பியபோது, அதே டேக் பின்னை ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு ஆழத்தை நகத்தால் அடையாளம் வைத்து, தாளில் இருக்கிற ஸ்க்ரூவோடு ஒப்பிட்டுப் போட்டோம். நீளமானதைக் குட்டை ஓட்டையில் முடுக்கினால் போர்டைத் துளைத்துவிடும் என்று மகள் வீடியோவில் பார்த்திருந்தாள்.

மூடியை ஒட்டாமல் போனை ஆன் செய்தேன். மகள் உள்ளங்கையை மேசையில் வைத்திருந்தாள். போன் அதிர்ந்ததை எனக்கு முன்னால் அவள்தான் தெரிந்துகொண்டாள். ஆனால் முகம் பார்க்கிற கேமராவைத் திறந்தால் இருட்டு. அவள் என்னைப் பார்க்கவில்லை. பிரவுன் தாளை எடுத்து ஆறாவது படத்தைக் காட்டினாள். ஒரு கனெக்டரை நான் சரியாக அழுத்தவில்லை. அணைத்துவிட்டு, நாலு ஸ்க்ரூவைத் திரும்பக் கழற்றினேன், அழுத்தினேன், முடுக்கினேன். இந்தத் தடவை கேமராவில் இரண்டு பேர் தெரிந்தோம், பின்னால் சிவகங்கை அம்மிணி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய பேட்டரியை மணலில் போட்டு எடுத்துப்போய், மறுநாள் பழைய எலக்ட்ரானிக் சாமான் வாங்குகிறவரிடம் தனியாகச் சொல்லிக் கொடுத்தேன். கடைக்கும் போனேன். வீம்புக்குத்தான், மறைக்கவில்லை. போன் ஓடுவதைக் காட்டினேன். பஞ்சைப் பற்றிச் சொன்னேன். இனிமேல் வருகிறவர்களிடம் முதலில் அந்த ஓட்டையைப் பாருங்கள் தம்பி என்றேன். எத்தனை நாளைக்கு ஓடும் என்று பாருங்கள் என்றார் அவர். பார்க்கிறேன் என்றேன். திரும்ப நின்றால் திரும்பத் திறப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைச் சொல்லவில்லையே. ஆறு மணிக்கு என் மகள் சுவிட்ச் போர்டுப் பக்கமே போகவில்லை. வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்தாள். குன்னத்தூர்ப் பெண் வந்தாள். முதலில் சிரித்துக்கொண்டார்கள். சந்தோசமாக ஏதோ பேசப் போகிறார்கள் என்று நானும் மனைவியும் நின்று பார்த்தோம்.

சண்டை வந்துவிட்டது. அன்றைக்கு அவள் அழும்போது போன் அணைந்ததே, அதை என் மகள் வேண்டுமென்றே வைத்துவிட்டாள் என்று அந்தப் பெண் இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். அந்த ஐந்து நிமிசத்தில் அவளால் அதைக் கேட்கவும் முடியவில்லை, ஒரு கையால் இவளால் விளக்கவும் முடியவில்லை. இப்போது இவளுக்கும் இரண்டு கை. விரல்கள் பறந்தன. என் மகள் தொடையில் அடித்தாள், காற்றை வெட்டினாள், அவள் சொல்வதைப் பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள், உடனே திறந்தாள். எனக்குச் சைகை தெரியும். பாதி புரிந்தது. சமாதானம் செய்யலாம் என்று ஒரு அடி முன்னால் வைத்தேன்.

என் நிழல் விழுந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். போனைத் தூக்கி அந்தப் பக்கச் சுவரில் சாய்த்தாள், முதுகை எனக்குக் காட்டி உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. முழங்கைகள் மட்டும் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தன.